கோள் சொல்லும் கம்ப்யூட்டர்!

லைசென்ஸ் சோதனையா? வீட்டு வேவா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெரிய சாலையில், பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்கு முன்னால் இருக்கிறது தண்டலம். ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி இது. இன்று சாலையின் இரு மருங்கிலும் என்ஜினீயரிங் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரி, விடுதிகள்! விடியற்காலையிலேயே தொழிற்சாலை பஸ்கள் வரிசை வரிசையாகப் பறக்கின்றன.

பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை. 1998 முதல் ஹூண்டாய் கார்கள் அங்கே தயாராகின்றன. தெற்கே ஒரகடத்தில் கார்களும் லாரிகளும். மேற்கே சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசிகள். கம்ப்யூட்டர்கூட இந்த மண்ணுக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. அமெரிக்காவின் 'டெல்' கம்பெனி 2007-ல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் தொழிற்சாலையையே திறந்துவிட்டது.

ஆகவே இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருள் அல்ல. லேத் பட்டறையில் பில் போடுவது அதுதான். ஜெராக்ஸ் கடையில் மனு அடிப்பது அதுதான். விடுதி மாணவன் பாடம் படிப்பதும், சினிமா பார்ப்பதும், ஊரிலுள்ள தாயாரின் முகத்தைக் காண்பதும் அதில்தான்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இல்லை? சம்பளச் சீட்டு இருக்கிறது. பாங்குக் கணக்கு இருக்கிறது. ஆதார் அட்டையின் நகல் இருக்கிறது. பெண் பார்க்க அனுப்பிய போட்டோ இருக்கிறது. டாக்டரின் ரிப்போர்ட்டும் இருக்கிறது. பாட்டனார் காலத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்ததையும், பூட்டாமல் மனத்துக்குள் வைத்ததையும் சேர்த்து இன்று இந்தப் பெட்டியில் வைக்கிறார்கள்.

இந்தப் பெட்டி, வீட்டுக்காரரைக் கேட்காமல், தினமும் யாரோ ஒருவருடன் பேசிக் கொண்டிருந்தால்?

2006-ம் ஆண்டில் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது இந்தக் கேள்விதான்.

ரேடியோவுக்கும் லைசென்ஸ்!

லைசென்ஸ் என்பது நம்மவருக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசுக்குப் போய், வருஷா வருஷம் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும். 1980-களில்தான் அந்த முறை ஒழிந்தது. சைக்கிளுக்கும் வில்லை வாங்கிய காலம் உண்டு.

சோதனை போட இன்ஸ்பெக்டர் வருவார். வாசலில் நின்று கேட்பார். புத்தகத்தைக் காட்டினால் போய்விடுவார். வீட்டுக்காரர் எந்த நிலையத்தின் பாட்டைக் கேட்டார் என்று அவர் விசாரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடியோ தானே எழுந்து தபாலாபீசுக்குப் போய் "என் எஜமானர் பணம் கட்டவில்லை" என்று கோள் சொன்னதில்லை!

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லும். அதுதான் வித்தியாசம்.

ரிச்சி தெரு சி.டி.

கம்ப்யூட்டர் வெறும் இரும்பும் கண்ணாடியும் அல்ல. அதை இயக்க ஒரு மூல மென்பொருள் வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது அதன் பெயர். உலகில் பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் ஓடுவது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி செய்த 'விண்டோஸ்'.

பணம் கொடுத்து விண்டோஸ் வாங்குகிறவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. உபயோகிக்க அனுமதி பெறுகிறார், அவ்வளவுதான். அந்த அனுமதிக்கு அடையாளம் 25 எழுத்துக்களும் எண்களும் கொண்ட ஒரு சாவி. பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த பளபளப்பான சீட்டில் அது அச்சாகியிருக்கும்.

ஆனால் நடந்தது என்ன? சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிராமம் வரை போய்ச் சேர்ந்தன. விலை குறைவு. பூட்டிக் கொடுத்தவரே ஒரு சி.டி.யைப் போட்டு விண்டோஸையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார். அது அசலா, நகலா என்று வாங்கினவர் கேட்டதும் இல்லை. விற்றவர் சொன்னதும் இல்லை. பணம் போட்டு வாங்கிய பொருள் நம்முடையதுதானே என்று நம்பியவர்கள் ஏராளம்.

இந்த நகல் தொல்லையைப் பற்றி மைக்ரோசாப்ட் குமுறுவது நேற்று இன்றல்ல. கம்பெனி பிறந்தது 1975-ல். மறு ஆண்டே அதன் ஸ்தாபகர் பில் கேட்ஸ், தங்கள் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டார்!

நீல நட்சத்திரம்

2005-ம் ஆண்டு ஜூலையில் கம்பெனி ஒரு புதிய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 'விண்டோஸ் ஜெனியுன் அட்வான்டேஜ்' என்று அதற்குப் பெயர். அசல் விண்டோஸ் வைத்திருப்பவருக்கு அனுகூலம் என்று பொருள் கொள்ளலாம். கம்பெனியின் தளத்திலிருந்து கூடுதல் சாமான்களை இறக்கிக் கொள்ள வேண்டுமானால், முதலில் உங்கள் விண்டோஸ் அசல்தான் என்று நிரூபிக்க வேண்டும். வந்து கேட்கிறவரிடம் சீட்டைக் காட்டச் சொல்வது போன்றது இது. இதை யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் வினை. 2005-ன் கடைசியில் சில நாடுகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2006 ஏப்ரலில் மேலும் பல நாடுகளுக்கு ஒரு துணை நிரல் அனுப்பப்பட்டது. அதன் வேலை, அறிவிப்புச் செய்வது. கம்ப்யூட்டரைத் திறந்ததும், "இந்த விண்டோஸ் அசல் அல்ல, நீங்கள் போலிச் சரக்குக்கு இரையாகியிருக்கலாம்" என்ற கருத்தில் ஒரு செய்தி தோன்றும். திரையின் கீழ் மூலையில் நீல நட்சத்திரம் ஒன்று உட்கார்ந்து கொள்ளும். அவ்வப்போது பலூன் போல் எச்சரிக்கை கிளம்பும்.

ஜெராக்ஸ் கடையில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது திரையில் இந்தச் செய்தி வந்தால் கடைக்காரர் நிலை என்ன? விலை கொடுத்து வாங்கியவர் அவர். திருட்டுப் பட்டம் சூட்டப்படுபவரும் அவரே!

இந்த நிரல் வந்து சேர்ந்த விதமும் விசித்திரமானது. வைரஸ்களிலிருந்து காப்பாற்றும் அவசரப் புதுப்பிப்புகள் வரும் அதே வழியில், அதே முக்கியத்துவத்துடன், இதுவும் வந்து இறங்கியது. இன்னும் பரீட்சையில் இருக்கும் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்த பிறகு எடுத்தெறியவும் சுலப வழி கிடையாது. மருந்து என்று சொல்லி வந்த பொட்டலத்தில் காவல்காரனும் ஒளிந்திருந்தான்.

தினமும் ஒரு டெலிபோன்

2006 ஜூன் தொடக்கத்தில் குட்டு உடைந்தது. லாரன் வெயின்ஸ்டைன் என்ற அமெரிக்க நிபுணர், கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தைக் கவனித்தார். ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதும் இந்த நிரல் கம்பெனியின் சர்வருடன் தொடர்பு கொள்வதைக் கண்டார். தினமும் இது நடந்தது. அசல் என்று ஏற்கனவே சோதனையில் தேறிய கம்ப்யூட்டர்களும் அழைத்துக் கொண்டேயிருந்தன!

விஷயம் பத்திரிகைகளில் வெளியானதும் பெரும் கூச்சல். வேவு பார்க்கும் மென்பொருளுக்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்டார்கள். மைக்ரோசாப்ட்டும் மறைக்கவில்லை. ஆமாம், தினசரி அழைக்கிறது என்று ஒப்புக் கொண்டது. பரீட்சையில் உள்ள நிரல் ஆனதால், ஏதேனும் கோளாறு நேர்ந்தால் தூரத்திலிருந்தே அதை நிறுத்திவிட ஒரு வழி வேண்டும். அதற்கான உத்தரவுக் குறிப்பைப் பார்த்து வரவே தினமும் போகிறது. அப்போது சொந்த விவரம் எதையும் கொண்டு போவதில்லை என்று சமாதானம் சொன்னது. இந்த வழக்கத்தை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்பதையும் ஏற்றது.

முதலில், தினசரி என்பதை 14 நாளுக்கு ஒரு முறை என்று மாற்றுவதாகச் சொன்னார்கள். அந்த மாதக் கடைசிக்குள் வெளியான புதிய பதிப்பில் தினசரி அழைப்பே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பரீட்சைப் பதிப்பை நீக்கும் வழியும் சொல்லப்பட்டது. வாடிக்கைக்காரர்களின் கூச்சலுக்கு ஒரு மகா கம்பெனி சில வாரங்களில் பணிந்தது என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

என்னென்ன சொன்னது?

தினசரி அழைப்பு ஒருபுறம் இருக்கட்டும். அசலா, போலியா என்று சோதிக்கும்போது அந்தப் பெட்டி எதையெல்லாம் சொல்லிற்று? கம்பெனியே வெளியிட்ட பட்டியல் இது:

விண்டோஸின் சாவி. அதன் பதிப்பு எண். கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியின் பெயர். உள்ளேயுள்ள பயாஸ் என்ற ஆதார நிரலின் பெயரும் தேதியும். எந்த நாடு, எந்தப் பாஷை என்ற ஏற்பாடு. ஹார்ட் டிஸ்கின் வரிசை எண். இவற்றோடு, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு என்றே சூட்டிய தனி அடையாள எண்.

பெயர் இல்லை. விலாசம் இல்லை. போட்டோவும் கடிதமும் போகவில்லை. பின் எதற்குப் பயம் என்று கேட்கலாம்.

ஒரு உதாரணம் பாருங்கள். தெருவில் போகும் மோட்டார் சைக்கிளின் நம்பரை மட்டும் ஒருவர் தினமும் குறித்து வைக்கிறார். ஓட்டுகிறவர் பெயரை அவர் கேட்கவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதக் குறிப்பு சேர்ந்துவிட்டால், பெயர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? எண் தனியாக இருக்கும் வரை வெறும் எண். வேறு குறிப்புகளோடு சேர்ந்தால் அது ஆள்.

கோர்ட்டில் வழக்கு

2006 ஜூன் கடைசியில், அமெரிக்காவின் சீயாட்டில் நகரத்துப் பெடரல் கோர்ட்டில் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடரப்பட்டது. சொல்லாமல் மென்பொருளை ஏற்றியதும், சொல்லாமல் தகவல் எடுத்ததும் வேவு மென்பொருள் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்பது வாதம். இது போலிச் சரக்கைத் தடுக்கும் ஏற்பாடே தவிர வேவு அல்ல என்று கம்பெனி மறுத்தது.

2009-ல் நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸ் ஒரு முக்கியமான விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். இண்டர்நெட்டில் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு 'ஐ.பி. விலாசம்' உண்டு. அது கம்ப்யூட்டரைத்தான் அடையாளம் காட்டுகிறது, மனிதரை அல்ல, ஆகவே ஆளை அடையாளம் காட்டும் தகவலாக அதைக் கருத முடியாது என்றார். 2010-ல் வழக்கு கம்பெனிக்குப் பாதகம் இல்லாமல் முடிந்தது.

ஆனால் ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் வீசியது. வேறொரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ல் அளித்த தீர்ப்பு என்ன? மாறிக் கொண்டேயிருக்கும் ஐ.பி. விலாசம்கூட, ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படி வழி இருந்தால், சொந்தத் தகவல்தான் என்றது. ஒரே எண், அட்லாண்டிக் கடலின் இந்தக் கரையில் அது மனிதன், அந்தக் கரையில் அது பெட்டி!

அசலுக்கும் வந்தது அவப்பெயர்

அடுத்த ஆண்டே இன்னொரு விபரீதம். 2007 ஆகஸ்ட் 24. லைசென்ஸ் சோதிக்கும் சர்வர்களில், இன்னும் தயாராகாத நிரல் ஒன்றை யாரோ தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். விளைவு? முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ்களும் 'போலி' என்று முத்திரை குத்தப்பட்டன. அப்போது புதிதாக வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவில் சில வசதிகளும் நின்றுபோயின.

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தொடங்கிய கோளாறு, சனிக்கிழமை முற்பகலில்தான் சரியாயிற்று. இந்தியக் கடிகாரப்படி பார்த்தால் ஏறக்குறைய சனிக்கிழமை முழுவதும்! பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 12,000-க்கும் குறைவு என்று கம்பெனி கணக்குச் சொன்னது. மொத்தத்தில் அது சிறு தொகைதான். ஆனால் அந்த 12,000-த்தில் ஒருவராக இருந்தவருக்கு அது சிறிதா?

வீட்டுப் பூட்டின் சாவி வெளிநாட்டில் ஒருவர் கையில் இருந்தால், அவர் தூங்கிவிட்டாலும் நாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். லைசென்ஸ் சோதனையின் இந்தப் பலவீனத்தை அந்த ஒரு நாள் காட்டிக் கொடுத்தது. சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரையே ஏறக்குறைய முடக்கிப் போடும் ஏற்பாடு விஸ்டாவில் இருந்தது. 2008-ல் வந்த திருத்தப் பதிப்பில் அதைக் கைவிட்டு, எச்சரிக்கை செய்வதோடு நிறுத்திக் கொண்டார்கள்.

சீனாவில் இன்னொரு கதை. 2008 அக்டோபரில், போலி விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களின் திரை மணிக்கு ஒரு தடவை கறுப்பாக மாறத் தொடங்கியது. படத்தை மாற்றி வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கறுப்பு! என் கம்ப்யூட்டர் திரைக்குக் கறுப்புப் பூச இவர்கள் யார் என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

கம்பெனியின் நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது தர்மம் அல்ல. மென்பொருள் எழுதுவதும் உழைப்புத்தான். 2007 தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் சொன்ன கணக்குப்படி, சோதனைக்கு வந்த 51 கோடிக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேறவில்லை. நகல் சி.டி.க்குள் வைரஸை ஒளித்து விற்றவர்களும் உண்டு. அப்படி ஏமாந்தவருக்கு "இது போலி" என்று சொல்வது உபகாரமே.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தயவு காட்டுவதில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவைப் பாருங்கள். போலி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் நிரலை உபயோகித்தால், 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ உபயோகிக்கவில்லை என்றால், தகுந்த காரணம் குறித்து, சிறையைத் தவிர்க்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 'தெரிந்தே' என்ற சொல் முக்கியம்.

விற்பவர்களும் தப்ப முடியாது. ஹார்ட் டிஸ்கில் போலி மென்பொருளை ஏற்றிக் கம்ப்யூட்டர் விற்ற ஒரு வியாபாரி, மைக்ரோசாப்ட்டுக்கு 19 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று டில்லி ஐகோர்ட்டு 2005-ல் தீர்ப்பளித்தது.

ஆகவே, சோதிக்கலாமா என்பது கேள்வி அல்ல. எப்படிச் சோதிப்பது, எத்தனை முறை சோதிப்பது, எதைத் தெரிந்து கொள்வது, யாரிடம் சொல்லிவிட்டுச் செய்வது? இவைதான் கேள்விகள். வாடகை வசூலிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதற்காகச் சமையலறை வரை தினமும் வந்து போக உரிமை உண்டா?

பட்டறைக்காரரின் கவலை

தண்டலம், ஒரகடம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சிறு பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் இங்கே நிறைய. அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கும் வரைபடம் அவர்களுடையது அல்ல. வேலை கொடுத்த கம்பெனியினுடையது. வெளியே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருப்பார்கள். அந்தப் பெட்டி அடிக்கடி வெளியே தொடர்பு கொண்டால், போவது லைசென்ஸ் எண்தானா, வேறு ஏதாவதா என்று கவலைப்படாமல் இருக்க முடியுமா? சந்தேகமே வியாபாரத்தைக் கெடுத்துவிடும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு மைக்ரோசாப்ட் ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அமெரிக்காவை அழைக்க வேண்டாம். தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக் கொள்ளலாம். மற்றக் கம்ப்யூட்டர்கள் அந்தச் சர்வரிடம் 180 நாளுக்குள் ஒரு தடவையாவது கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கம்ப்யூட்டர்களின் லைசென்ஸ் சோதனை கதவுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் இது மொத்தமாக லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு. நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டறைக்கு இந்தப் பாக்கியம் எளிதில் கிட்டுவதில்லை. பணக்காரருக்குத் திரை போட்ட ஜன்னல். ஏழைக்குத் திறந்த ஜன்னல்!

சீட்டுப் போய் எண் வந்தது

நீல நட்சத்திரம் இன்று இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது ஏற்பாட்டின் பெயரையே மாற்றினார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபின், கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் முதுகுச் சீட்டுக்குப் பதிலாக உள் அட்டையிலேயே சாவி பதிக்கப்பட்டது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தது. கம்ப்யூட்டரின் உறுப்புக்களைக் கொண்டு செய்த ஒரு கைரேகை மாதிரியான அடையாளம் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கிறது. பெட்டி தொடர்பு கொண்டதும் அங்கே பார்த்துச் சரி சொல்லிவிடுகிறார்கள். அசல் அல்லாவிட்டால் திரையோரத்தில் மங்கலான எழுத்துக்கள் தோன்றும்.

ஆனால் லைசென்ஸ் எண்ணைக் கேட்டதோடு காரியம் முடியவில்லை. எந்த நிரலைத் திறந்தார், எங்கே பழுது ஏற்பட்டது என்ற விவரங்களையும் விண்டோஸ் 10 அனுப்பத் தொடங்கியது. தேவைக்கு மேல் தகவல் சேர்க்கிறார்கள் என்று பிரான்ஸ் நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் நோட்டீஸ் கொடுத்தது. ஹாலந்து அதிகாரிகளும் 2017-ல், இது தங்கள் சட்டத்துக்கு முரண் என்றார்கள். அதன் பிறகு கம்பெனி பல திருத்தங்களைச் செய்தது. கூச்சல் போட்ட இடத்தில் கதவு சற்றுச் சாத்தப்பட்டது.

ரகசியம் யாருடையது?

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். 1017-ல் பிறந்தவர் என்பார்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டளையையும் மீறி, கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. சொன்னால் நரகம் என்பது தெரிந்தே சொன்னார். சொல்வது என்று தீர்மானித்தவரும் அவரே. அதன் பலனை ஏற்றவரும் அவரே.

இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். ரகசியம் ஒருவருடையது. சொல்வது பெட்டி. கேட்பவர் வெளிநாட்டில். சொல்லப்பட்டது என்பதே உரியவருக்குத் தெரியாது! தன் விஷயத்தைச் சொல்வதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருக்க வேண்டும் என்பதே இந்த விவகாரத்தின் உயிர்நாடி.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு இந்தியாவில் விடை கிடைத்த நாள் 2017 ஆகஸ்ட் 24. மைக்ரோசாப்ட் சர்வர் தடுமாறிய நாளுக்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து! கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது ஆதார் சம்பந்தமாகச் சர்க்காருக்கு எதிரே எழுந்த வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்பின் வெளிச்சம் கம்பெனிகள் பக்கமும் விழுந்தது.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் பெற்றுத் தகவல் எடுப்பதானால், எதை எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று முன்னால் அறிவிக்க வேண்டும். சம்மதம் தெளிவாகவும் நிர்ப்பந்தம் இல்லாமலும் இருக்க வேண்டும். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இந்தச் சட்டத்தில் தண்டலத்துக்காரர் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வசதி செய்து தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று! 2006-ல் பலூன் எழுப்பிய எச்சரிக்கையைப் புரிந்து கொள்ளாமலேயே 'ஓகே' என்ற பொத்தானை அழுத்தியவர் எத்தனை லட்சம் பேர்? புரியாத பாஷையில் கேட்டு வாங்கிய சம்மதம், வெள்ளைத் தாளில் வாங்கிய கைநாட்டுக்குச் சமம்.

ஹார்ட் டிஸ்கின் எண் 'ஆளைக் காட்டும் தகவலா' என்ற பழைய அமெரிக்கக் கேள்வி மட்டும் இங்கேயும் ஒரு நாள் எழும். அதற்கு விடை சொல்ல வேண்டியது கோர்ட்டுகள்.

செய்ய வேண்டியது என்ன?

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போதே, விண்டோஸ் சேர்ந்துதான் விலையா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். 'தெரிந்தே' உபயோகிக்கவில்லை என்பதற்கு அந்தக் காகிதம் கைகொடுக்கும். விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் 'ஆக்டிவேஷன்' என்ற இடத்தைத் திறந்தால், லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கலாம்.

அதே செட்டிங்ஸில் 'பிரைவசி' என்றொரு பகுதி உண்டு. விருப்பமானால் அனுப்பலாம் என்ற தகவல்களை அங்கே நிறுத்திவிடலாம். கட்டாயத் தகவல்களை வீட்டு விண்டோஸில் முழுதும் நிறுத்த முடியாது. ஆனால் எவை போகின்றன என்று பார்க்க மைக்ரோசாப்ட்டே ஒரு வசதி கொடுத்திருக்கிறது. பத்து நிமிஷம் செலவிட்டுப் பார்ப்பது நல்லது.

போலி லைசென்ஸை அசலாக்கித் தருவதாகச் சொல்லும் 'கிராக்' நிரல்களை அண்டவே கூடாது. கம்பெனியின் கண்ணுக்குத் தப்பப் போய், திருடனுக்கே கதவைத் திறந்தவர்கள் பலர். 2006-லேயே, இந்த லைசென்ஸ் சோதனை நிரலின் வேஷத்தைப் போட்டுக் கொண்டு ஒரு கணினிப் புழு உலகைச் சுற்றியது. "உங்கள் விண்டோஸ் லைசென்ஸ் முடிந்துவிட்டது" என்று யாராவது போனில் பேசினால் வைத்துவிட வேண்டும். மைக்ரோசாப்ட் அப்படி வீடு தேடிப் போன் செய்வதில்லை.

லைசென்ஸ் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு லினக்ஸ் இருக்கிறது. சாவி கிடையாது, சோதனையும் கிடையாது. நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-ல் தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய லாப்டாப்புகளில் விண்டோஸுக்குத் துணையாக வந்தது. பில் போடவும், கடிதம் அடிக்கவும், படிக்கவும் அது போதும். சில பெரிய வரைபட நிரல்கள் மட்டும் அதில் ஓடுவதில்லை. பட்டறைக்காரர்கள் அதை விசாரித்துத்தான் மாற வேண்டும்.

2006-ல் ஒருவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கே பேசுகிறது என்று உட்கார்ந்து கவனித்தார். அந்த ஒரு கவனிப்பினால், உலகெங்கும் தினசரி அழைப்பு நின்றது. எந்தச் சட்டமும் அப்போது அதைச் செய்யவில்லை. எந்தக் கோர்ட்டும் செய்யவில்லை. பொத்தானை அழுத்துமுன் ஒரு நிமிஷம் நிறுத்தி, "என்ன கேட்கிறாய், எதற்குக் கேட்கிறாய்?" என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டால், பெட்டி கோள் சொல்வது பாதி குறைந்துவிடும். மீதிப் பாதியைச் சட்டம் பார்த்துக் கொள்ள வேண்டும்.